பச்சைக் கதியால்

எதையாவது பிடித்துக்கொண்டு நடப்பது பிழை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பிள்ளைகள் இருக்கிற மர வாங்கின் விளிம்பைப் பிடித்துத்தான் நடை பழகுகின்றன. வயது போனவர்கள் சுவரைத் தடவிக்கொண்டு கிணற்றடிக்குப் போகிறார்கள். மாரி காலத்தில் ஒழுங்கை வழுக்கும் என்று நானே வேலியைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறேன். விழுந்து எழும்புவதைவிடப் பிடித்துக்கொண்டு நடப்பது மேல்தானே.

கனிசியஸ் அண்ணைக்கு மட்டும் அது பிடிக்காது. அவர் குருநகர்க்காரர், கடலுக்குப் போனவர். குண்டு விழுந்து ஒரு கால் போனபிறகு, யாழ்ப்பாணத்தில் பொய்க்கால் செய்து கொடுக்கிற ஓரிடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தானும் ஒரு பொய்க்காலைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஊரூராகப் போவார். கால் வாங்கியவர்களுக்கு வீட்டு முற்றத்திலேயே நடை பழக்குவார். என் தம்பி குகநேசனுக்குக் கால் கிடைத்த அன்று அவர் என்னிடம் கதைத்த முதல் கதை கைபிடிக் கம்பைப் பற்றியது.

"தங்கச்சி, கம்பு இருக்கிறது தொடுறதுக்கு. பிடிச்சுத் தொங்கிறதுக்கில்லை. விழப்போறன் எண்டு பயம் வந்தால் தொட்டுப்போட்டு விடவேணும். பாரத்தைக் கம்பிலை போட்டானெண்டால் கால் பழகாது, கைதான் பழகும். பேந்து உன்ரை தம்பி கையாலை நடக்கிற மனிசனாய்ப் போவான், சொல்லிப்போட்டன்."

நான் ஓம் என்றேன். அவர் சொன்னது எனக்கு வடிவாக விளங்கியது. விளங்காமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

என் பெயர் பாலேஸ்வரி. புத்தூரில், பருத்தித்துறை வீதியிலிருந்து உள்ளுக்கு இறங்குகிற ஒழுங்கையில் எங்கள் வீடு. தையல் தைத்துச் சீவிக்கிறேன். எனக்குக் கீழே மூன்று தம்பிமார். மூத்தவனை எண்பத்துநாலில் தெருவில் வைத்து ஆமி ஏற்றிக்கொண்டு போனது. எந்த முகாமில் போய்க் கேட்டாலும் அப்படியொருவன் இல்லை என்றார்கள். நடுவிலான் யாரிடமும் சொல்லாமல் இயக்கத்துக்குப் போனான். தொண்ணூறில் படமாக வீட்டுக்கு வந்தான். அம்மா அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்து, அடுத்த மாரிக்குள் போய்ச் சேர்ந்தார். மிஞ்சியவன் நேசன் ஒருவன்தான்.

அவனைப் படலை தாண்டவிடாமல் மறித்து வைத்தேன். பந்தடிக்கப் போகாதே, சந்தியில் நிற்காதே, யாருடனும் கதைக்காதே. இருபத்திரண்டு வயது இளந்தாரி கேட்பானா? மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது என்று வளலாய்ப் பக்கம் தேடிப் போனான். மாடு பின்னேரமே தானாகத் திரும்பி வந்து கொட்டிலில் நின்றது. அவன் மிதிவெடியில் அகப்பட்டு, வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

நான் நெஞ்சில் அடித்து அழுதேன். அது நடிப்பில்லை. ஆனால் அழுது களைத்து ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தபோது எனக்குள் ஒரு ஆறுதல் வந்தது. இனி இவனைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்ற ஆறுதல். சீ, இதையும் ஒரு சகோதரி நினைப்பாளா என்று நீங்கள் கேட்கலாம். நினைத்தேன். அன்றைக்கே வெட்கமாகத்தான் இருந்தது, என்றாலும் நினைத்தேன்.

எதிர் வீட்டு நல்லம்மா அக்கா அவனைப் பார்க்க வந்தார். அவருடைய பெடியன்களில் ஒருவன் கனடாவில், ஒருவன் எங்கே என்றே தெரியாது. "நீ குடுத்து வச்சனி, பாலேசு. கால் போனாலும் பிள்ளை கண்ணுக்கு முன்னாலை கிடக்குது" என்று சொல்லி மூக்கைச் சிந்தினார். மனிசி எரிச்சலில் சொல்லவில்லை. மெய்யாகத்தான் சொன்னார். அந்தக் கதையை நான் பல காலம் மனதில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பிறகு கால் வந்தது. கனிசியஸ் அண்ணை எங்கள் முற்றத்தில் காலடி வைத்து அளந்து காட்டினார். இரண்டு பக்கமும் தடிகள் நட்டு, அவற்றின்மேல் கமுகஞ் சலாகையை வரிந்து கட்டவேண்டும். நேசன் நடுவில் நின்று நடப்பான். கம்பு அவன் இடுப்பு எலும்புக்கு மேலே போகக்கூடாது. "காஞ்ச தடியாய்ப் பாத்து நடு தங்கச்சி. நாலைஞ்சு மாசத்திலை பிடுங்கி அடுப்பிலை வைக்கப்போற சாமான்" என்றார்.

அவர் போனபிறகு நான் வேலியிலிருந்து பச்சைப் பூவரசங் கதியால்களை வெட்டுவித்தேன். எங்கள் பக்கத்தில் எல்லை வேலிக்குத்தான் பச்சைக் கதியால் நடுவது. அது வேர் விட்டுத் தளிர்த்து மரமாகிவிடும், பிறகு பிடுங்க ஏலாது. காய்ந்த தடியைக் கறையான் தின்றுவிடும் என்று கிடங்கு தோண்ட வந்தவனுக்கு நியாயம் சொன்னேன். அதுவும் பொய்யில்லை, எங்கள் மண்ணில் கறையான் தின்னத்தான் செய்யும். கம்பையும் ஒரு சாண் உயர்த்திக் கட்டுவித்தேன். அவன் குனிந்து பிடிப்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அடுத்தமுறை வந்த கனிசியஸ் அண்ணை படலையில் நின்றே சிரித்தார். "என்ன தங்கச்சி, தம்பியைச் சுத்தி வேலியோ அடைச்சு வச்சிருக்கிறாய்? உதை இறக்கிக் கட்டு. உந்த உயரத்துக்கு அவன் கமக்கட்டைக் கொழுவிப்போட்டு நித்திரையே கொள்ளுவான்."

"ஆள் கிடைச்ச உடனை இறக்கிறன் அண்ணை" என்றேன். அதற்குப் பிறகு அவர் வந்த ஒவ்வொரு தடவையும் ஆள் கிடைக்கவில்லை என்றேன். அவருக்கும் எங்கள் வீடு ஒன்றுதானா? குடாநாடு முழுக்கக் கால் போனவர்கள். சைக்கிளுக்கு ரயர் கிடைக்காத காலம் வேறு. அவர் வருவது குறைந்துகொண்டு போனது.

நேசன் முழங்கைகளைக் கம்பில் போட்டுத் தொங்கிக்கொண்டு அந்தத் தலைக்குப் போவான், இந்தத் தலைக்கு வருவான். பொய்க்கால் நிலத்தைத் தொட்டும் தொடாமலும் வரும். பாரம் ஏறாததால் வெட்டின காலின் தோல் இறுகவில்லை. எப்போதாவது கொஞ்சம் ஊன்றி நடந்தால் கொப்பளம் போட்டுவிடும். கொப்பளத்தைக் கண்டால் நான் "இண்டைக்குக் காணும் தம்பி, பதறாத காரியம் சிதறாது" என்று சொல்லிக் கதிரையைக் கொண்டுபோய் வைப்பேன். தையல் மெசினை ஜன்னலோரம் போட்டு வைத்திருந்தேன். அவன் ஒரு கையைக் கம்பிலிருந்து எடுத்தாலும் எனக்குத் தெரியும்.

"பிடி தம்பி, பிடி. விழுந்துபோவாய்."

அவன் பிடித்துக்கொள்வான். நான் அதை அதட்டிச் சொன்னதில்லை. ஒழுங்கையால் போகிறவர்கள் கேட்டால், பெற்ற தாய்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்பார்கள். கேட்க எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

மாரி வந்தபோது கதியால்கள் தளிர்த்தன. அடுத்த மாரிக்குள் கிளை விட்டு நிழல் தந்தன. நேசன் சேட்டைக் கழற்றிக் கிளையில் போடுவான், அந்த நிழலில் இருந்து செய்தி கேட்பான். பற்றரி இல்லாத காலம். நான் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைக் கையால் சுற்றுவேன், றேடியோ படிக்கும். ஒருநாள் இயக்கப் பெடியன்கள் இரண்டு பேர் வீடு வீடாக இளம் பெடியன்களைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். கம்புக்கு நடுவில் தொங்கிக்கொண்டு நின்றவனைக் கண்டதும் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மற்றவன் "நீங்கள் இருங்கோ அண்ணை" என்று சொல்லிப் படலையைச் சாத்திவிட்டுப் போனான். நான் குசினிக்குள் போய் அம்மாவின் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். நான் செய்தது சரி என்பதற்கு அதைவிட வேறு என்ன வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அப்படியே வருசங்கள் போயின.

தொண்ணூற்றைந்து தை பிறந்ததோடு சண்டை நிறுத்தம் என்றார்கள். தள்ளிப் போட்டு வைத்த கலியாணங்களை எல்லாம் சனம் ஒன்றாகச் செய்யத் தொடங்கியது. எனக்குத் தையல் மலையாகக் குவிந்தது. உதவிக்கு ஆள் தேடினேன். ஆவரங்கால் அருளம்பலத்தின் மகள் தவமலர் வந்தாள். காலையில் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள், பின்னேரங்களில் எனக்குப் பொத்தான் தைத்துத் தர வந்தாள். நானேதான் கூப்பிட்டேன். யாரும் அவளை என் வீட்டுக்குள் தள்ளிவிடவில்லை.

வந்த முதல் நாளே ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, கிளிக்கூடு நல்ல வடிவாய்த்தான் கட்டியிருக்கிறியள். கிளி பறக்காதோ?"

நேசன் அங்கிருந்தே சொன்னான்: "கிளிக்கு ஒரு கால்தான். இருந்துதான் கதைக்கும்."

"கதைக்கிற கிளியெண்டால் பறவாயில்லை" என்றாள் அவள். என் தம்பி சிரித்த சத்தத்தை நான் எவ்வளவோ காலத்துக்குப் பிறகு கேட்டேன்.

இனி தேத்தண்ணிக் கதையைச் சொல்லவேண்டும். சீனிக்குத் தட்டுப்பாடு. எல்லார் வீட்டிலும் வெறும் தேத்தண்ணியை ஒரு கையில் பிடித்து, மறு கையில் ஒரு துண்டுப் பனங்கட்டியை வைத்து, அதைக் கடித்துக் கடித்துத்தான் குடிப்பது. நேசனுக்கு நான் அதை எப்போதும் கதிரையில் இருத்திவைத்துத்தான் கொடுப்பேன். தவமலர் அப்படிச் செய்யவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு நேரே கம்படிக்குப் போனாள். அவன் ஒரு கையை விட்டுக் கோப்பையை வாங்கினான். மற்றக் கையை நீட்டச் சொல்லிக் கட்டியை வைத்தாள். பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்கிற குறும்பை எல்லாம் சொல்லத் தொடங்கினாள். அவன் கட்டியைக் கடித்தான், தேத்தண்ணியைக் குடித்தான், சிரித்தான். இரண்டு கையும் கம்பில் இல்லை. கோப்பை முடியும் மட்டும் அவன் தன் பாட்டில் நின்றான். அவனுக்கே அது தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. ஜன்னலோரம் இருந்த எனக்கும் தெரிந்தது. மெசினில் என் கால் ஓய்ந்துவிட்டது.

அடுத்த நாள் விருந்தாளிகளுக்கென்று ஒளித்து வைத்திருந்த சீனியை எடுத்து அவனுடைய தேத்தண்ணியில் கலக்கிக் கொடுத்தேன். சீனி போட்டால் கட்டி தேவையில்லை. கட்டி இல்லாவிட்டால் ஒரு கை கம்புக்கு வந்துவிடும். அதற்காகத்தான். ஒருத்தி சீனியை வைத்துத் தன் தம்பியின் காலோடு சண்டை பிடித்தாள் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு உடம்பு கூசுகிறது.

தவமலர் கோப்பையை மணந்து பார்த்தாள். "ஐயோ அக்கா, சீனியை வீணாக்காதையுங்கோ. ஆரும் சம்பந்தம் பேச வந்தால் உதவும். இவருக்குக் கட்டி காணும்." சொல்லிவிட்டுத் தானே வெட்கப்பட்டு உள்ளே ஓடினாள். அவள் அவனை 'இவர்' என்று சொன்னதை நான் கவனித்தேன். நேசனும் கவனித்தான்.

பிறகு எல்லாம் கெதியாக நடந்தது. நான் துணி கொடுக்க வெளியே போகிற நேரமெல்லாம் அவர்கள் கம்புக்கு வெளியே பழகியிருக்கிறார்கள். முதலில் ஒரு பனஞ் சலாகையை ஊன்றி, பிறகு அதுவும் இல்லாமல். ஒருநாள் நான் படலையைத் திறக்க, "அக்கா, அதிலையே நில்லுங்கோ. இஞ்சை பாருங்கோ" என்று கத்தினான். கிணற்றடியிலிருந்து குசினி வாசல் வரைக்கும் வந்தான். கை இரண்டும் சும்மா ஆடிக்கொண்டு வந்தன. முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு. நான் ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்து அழுதேன். சந்தோசத்தில் அழுகிறா என்று தவமலரும் கண்ணைத் துடைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அருளம்பலம் ஒரு நாள் பார்த்து வந்தார். நேரே பேசுகிற மனிசன். "நான் பெரிசாய் ஒண்டும் கேக்கேல்லைப் பிள்ளை. மாப்பிள்ளை அக்கினியைத் தன்ரை காலாலை சுத்தி வரவேணும், அது காணும். எங்கடை சனத்தின்ரை வாய் உமக்குத் தெரியும்தானே. கதிரையிலை வச்சுத் தூக்கின மாப்பிள்ளை எண்டு சாகுமட்டும் கதைப்பினம்."

"அங்கை பிடிக்கிறதுக்குத் தவமலரின்ரை கை இருக்குத்தானே, மாமா" என்றான் நேசன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வைகாசியில் கலியாணம் என்று பேசினார்கள். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவான். ஆவரங்கால் என்ன கண்காணாத தேசமா, கூப்பிடு தூரம்தானே, நினைத்தவுடன் நடந்து வருவான் என்று நல்லம்மா அக்கா எனக்கு ஆறுதல் சொன்னார். அன்று இரவு உலையில் எவ்வளவு அரிசி போடுவது என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. தனி ஒருத்திக்கு உலை வைத்து எனக்குப் பழக்கமில்லை. எனக்கு வந்த சம்பந்தங்களை எல்லாம் தம்பிக்காகத் தட்டிக்கழித்தேன் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் ஒரு சம்பந்தமும் வரவில்லை என்பதுதான் உண்மை.

மாசி மாதம் பெண்வீட்டார் எல்லாரும் மாப்பிள்ளை பார்க்க வருவதாக ஏற்பாடு. விறாந்தையிலிருந்து இறங்கிப் படலை மட்டும் நடந்துபோய் அவர்களைக் கூட்டிவருவேன் என்று நேசன் நின்றான். வேண்டாம், விறாந்தையில் இரு என்றேன். கேட்கவில்லை. காலையில் பொய்க்காலைக் கொண்டுவந்து என் மெசினில் வைத்தான். முழங்காலுக்கு மேலே கட்டுகிற தோல்வார் ஒன்று அதில் இருந்தது. அதுதான் காலைக் கழன்றுபோகாமல் பிடிப்பது.

"வாரிலை நூல் கொஞ்சம் இளகின மாதிரிக் கிடக்கு அக்கா. இறுக்கித் தைச்சு விடுங்கோ. நீங்கள் தைச்சால் எனக்குப் பயமில்லை" என்றான்.

தைத்துக் கொடுத்தேன். வெள்ளைச் சேட்டும் வேட்டியும் கட்டிக்கொண்டு வந்தான். அப்பாவின் சாயல் அப்படியே இருந்தது. அவர்கள் வந்து படலையில் சைக்கிள்களைச் சாத்தினார்கள். அருளம்பலம், அவருடைய தமக்கை பூரணம் தட்டத்தோடு, பின்னால் தவமலரின் சின்னம்மாமார். நேசன் படியால் இறங்கினான். கம்படியைத் தாண்டிப் போகும்போது அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முற்றத்தின் பாதியில் வார் விட்டது.

மனிசர் விழும்போது கையை முன்னுக்கு ஊன்றுவார்கள். அப்படி ஊன்றியிருந்தால் உள்ளங்கை உரஞ்சியதோடு போயிருக்கும். நேசன் ஊன்றவில்லை. அவனுடைய இரண்டு கையும் இரண்டு பக்கமும் போயின. கம்பு இருக்கிற உயரத்தில் போய், காற்றை இறுக்கிப் பிடித்தன. அந்தப் பிடியை நான்தான் அவனுக்குப் பழக்கினேன். அவன் அப்படியே கிணற்றடி வாய்க்காலின் சீமெந்துக் கட்டில் போய் விழுந்தான். வெட்டின காலின் முழங்கால் சிதறிய சத்தம் படலை மட்டும் கேட்டது.

ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. காயம் பழுத்து மேலே ஏறியது. இந்தமுறை தொடையோடு எடுத்தார்கள். அருளம்பலம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கட்டிலடிக்கு வந்தார். "பிள்ளைக்கு வேறை இடம் பாக்கவேண்டிக் கிடக்கு. குறை நினையாதையுங்கோ" என்று என்னிடம் சொன்னார். நல்ல மனிசன், அதை நிலத்தைப் பார்த்துத்தான் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு தவமலர் பலமுறை வந்தாள். நான் படலையில் வைத்தே "நித்திரை கொள்ளுறான் பிள்ளை" என்று சொல்லி அனுப்பினேன். அவன் நித்திரை கொள்ளவில்லை. அவனுடைய கட்டில் படலைக்குக் கேட்கிற தூரத்தில்தான் இருந்தது. பிறகு அவள் வரவில்லை.

நேசன் கொஞ்ச நாள் சுவரைப் பார்த்துக் கிடந்தான். பிறகு திரும்பினான். "நீங்கள் இல்லாட்டில் நான் என்ன செய்வன் அக்கா" என்று என் கையைப் பிடித்தான். நான் அவனுக்குச் சோற்றை வாயில் தீத்திக்கொண்டிருந்தேன். கையை இழுக்கவில்லை. அந்த நிமிசத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆனியில் கனிசியஸ் அண்ணை வந்தார். இனி உதவாத காலைத் திருப்பி எடுக்க வந்தார். அலுமினியம் வராத காலம், அதை உருக்கி வேறு யாருக்காவது கால் செய்யலாம். வாரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் கனநேரம் பார்த்தார். வலை பின்னின கை, நூலைப் பற்றித் தெரியாதா?

"தேய்ஞ்சு போற நூல் பிசிறாய்ப் போகும், தங்கச்சி" என்றார்.

நான் தேத்தண்ணி வைக்கட்டோ என்று கேட்டேன். வேண்டாம் என்றார். எங்கள் வீட்டில் அந்த மனிசன் தேத்தண்ணி வேண்டாம் என்றது அதுதான் முதல் தடவை. காலைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அதுவும் நிச்சயமில்லை.

சித்திரையில் சண்டை திரும்பவும் தொடங்கிவிட்டது. இப்போது புரட்டாதி. ஷெல் அச்சுவேலிப் பக்கம் விழுகிறது என்கிறார்கள். எனக்கென்னவோ அதற்கும் கிட்டக் கேட்கிறது. பொம்மர் வந்தால் ஒழுங்கைச் சனம் பங்கருக்குள் ஓடும். நான் நேசனைப் பாயோடு இழுப்பேன். அவன் பாரமானவன், கைகள் மட்டும் நல்ல உரம். வாசலைத் தாண்டுவதற்குள் பொம்மர் குண்டு போட்டுவிட்டுப் போய்விடும். சில நேரம் இழுக்காமலே அவன் பக்கத்தில் படுத்துக்கொள்வேன்.

நல்லம்மா அக்கா பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார். "தென்மராட்சிப் பக்கம் போகவேண்டித்தான் வரும்போலை, பாலேசு. எல்லாரும் நடைதான். நேசனை என்னெண்டு கொண்டுபோகப் போறாய்?" என்று கேட்டார். நான் பார்ப்பம் என்றேன். உள்ளே இருந்து நேசன் சொன்னான்: "அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கோ நல்லம்மாக்கா. நான் இஞ்சை கிடக்கிறன்." குரலில் கோபம் இல்லை. எதிர்வீட்டு மனிசி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

நேற்று அவன் என்னைக் கேட்டான்: "அக்கா, அண்டைக்கு வாரை வடிவாய்த் தைச்சனீங்கள்தானே? நான்தான் காலைப் பிழையாய் வச்சிட்டனோ?" சந்தேகத்தில் கேட்கவில்லை. இத்தனை மாதமாகப் படுத்த படுக்கையில் தன்னிடம் பிழை தேடிக்கொண்டிருந்திருக்கிறான்.

"வடிவாய்த் தைச்சனான் தம்பி. நீ அவசரப்பட்டிட்டாய்" என்றேன்.

தைத்தது இப்படித்தான். வெளியில் தெரிகிற வரிசையைப் புது நூலால் அழகாகத் தைத்தேன், அவன் பார்ப்பான் என்று. உள்ளே, தோலும் தோலும் சேருகிற இடத்தில், பாரம் தாங்குகிற வரிசையைச் சவர பிளேட்டால் ஒவ்வொரு தையலாக அறுத்தேன். அவன் அடுத்த அறையில் சீப்பால் தலை இழுத்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். மெல்லத்தான் விழுவான், கூச்சப்பட்டுக் கம்புக்குத் திரும்பி வந்துவிடுவான் என்று கணக்குப் போட்டேன். காலை எடுப்பார்கள் என்று நினைக்கவில்லை. நினைத்திருந்தால் செய்திருக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யவும் எனக்கு வாய் வரவில்லை.

மூத்தவனைக் கொண்டு போனார்கள், நடுவிலான் படமாக வந்தான், இவனையாவது சாவிலிருந்து காப்பாற்றவேண்டும் என்ற பயத்தில்தான் செய்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லி வந்தேன். கம்பு நட்ட காலத்தில் அந்தப் பயம் மெய். வாரை அறுத்த மாசி மாதத்தில் ஊரில் ஒரு வெடிச் சத்தமும் இல்லை.